காத்திருந்த வண்டிக்கு எண்ணெய்

விளக்கெண்ணெய் என்றாலே உங்களுக்கு வயிறு கலங்கும், தெரியும். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மூக்கைப் பிடித்து, வாயைத் திறக்க வைத்து, ஒரு கரண்டி ஊற்றி, அழுதால் நாக்கில் கொஞ்சம் சர்க்கரை போட்டு வளர்த்த பிள்ளைகள் நாம். அறுபதைத் தாண்டிய யாருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் கதை மட்டும் கொஞ்சம் வேறு. அந்த வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ஒரு கறுப்புக் கார் ஞாபகம் வரும். அதன் பின்சீட்டில், மடியில் ஒரு புது வேட்டியோடு என் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

அப்போது நான் ஒன்பது வயதுச் சிறுமி. முதுநகரில் குடியிருந்தோம். அப்பா துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் குமாஸ்தா. அவருடைய முதலாளி ஊரை விட்டுப் போகும்போது, ஓடாத தன் சீமைக் காரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். எஞ்சின் செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. துறைமுகத்து ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கொட்டகையில் விட்டபோது தெருவே வேடிக்கை பார்த்தது. குமாஸ்தாவுக்கு எதற்குக் கார் என்று கோவில் வாசலில் பேசிக்கொண்டார்கள்.

எதற்கென்று எங்களுக்குத் தெரியும். அம்மாவை அவள் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான்.

அம்மா சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண். நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், விளைந்த வீடு. அப்பா வேதக்காரர், மாதா கோவில் ஆள். இருவரும் எங்கே சந்தித்தார்கள், எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் அம்மா சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாள். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிட்டது. அந்த வீட்டிலிருந்து எங்களிடம் வந்துபோன ஒரே ஆள் மாமா. அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவர். சுற்றுப்பட்டு ஊர்களில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற ஆயில் எஞ்சின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில்.

கார் வந்த முதல் ஞாயிறே அவர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"மாமா, இத ஓட வெச்சிப்புடலாம். அக்கா பஸ்ஸுல வந்து எறங்குனா எங்க அப்பாரு மொகத்தத் திருப்பிக்குவாரு. கார்ல வந்து எறங்கிச்சின்னு வெச்சிக்கங்க, ஊரே கூடிடும். ஊரு பாக்க மவள வாசல்ல நிக்க வெக்க மாட்டாரு. அவருக்கு வீம்பு ஜாஸ்தி, அதவிட ஊரு பேசும்ங்குற பயம் ஜாஸ்தி."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு மீன் குழம்பில் உப்பு இல்லை, யாரும் அதைச் சொல்லவும் இல்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் திருவிழாதான். காலைப் பாசஞ்சரில் மாமா வந்து இறங்குவார். பையில் மல்லாட்டையோ முருங்கைக்காயோ இருக்கும். அப்பா முதல் பூசை முடிந்து வந்து, கோவில் வேட்டியை அவிழ்த்துவிட்டுப் பழைய லுங்கி கட்டிக்கொள்வார். கொட்டகையில் எஞ்சினைத் தனியாக இறக்கி மரப்பலகைமேல் வைத்திருந்தார்கள். எஞ்சின் இல்லாத காரின் பின்சீட்டில் நான் ஏறிக்கொள்வேன். பிரித்த சாமான்களை அவர்கள் நீலப் பீங்கான் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவிக் கழுவிச் சாக்கின்மேல் அடுக்குவார்கள். நான் அதற்குள் சென்னை, பம்பாய் எல்லாம் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அம்மா தன் ஊர்ப் பேச்சைப் பேசுவாள். மாமாவிடம் பசுமாட்டை விசாரிப்பாள், வாய்க்காலை விசாரிப்பாள், எதிர்வீட்டுச் சண்டையை விசாரிப்பாள். தன் அப்பாவை மட்டும் நேராகக் கேட்க மாட்டாள். "கண்ணு நல்லா தெரியுதாமா?" என்பாள். யாருக்கு என்று மாமாவும் கேட்க மாட்டார்.

எஞ்சினை மறுபடி கோத்த நாட்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். உள்ளே போகிற ஒரு துண்டு இரும்புகூட வறண்டு போகக் கூடாது. அதுதான் அந்த வேலையின் முதல் பாடமாம். முதல் தடவை கிளப்பும்போது அடியில் கிடக்கிற எண்ணெய் மேலே ஏறிவரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் வறண்ட இரும்பு வறண்ட இரும்பைத் தேய்த்துத் தின்றுவிடும். அதனால் கோக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவியாக வேண்டும். அப்பா ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பிரஷ்ஷால தடவணும்னு போட்டிருக்கான் மச்சான்" என்பார்.

"பிரஷ்ஷுல முடி உதிரும். துணியில நூல் உதிரும். வெரலுல என்னா மாமா உதிரும்?" என்பார் மாமா.

மாமாவிடம் மூக்கு நீண்ட ஒரு எண்ணெய்க் குப்பி இருந்தது. அடியை அமுக்கினால் டொக் டொக் என்று சத்தம் போட்டுச் சொட்டும். ஒரு சொட்டு விட்டு, சுட்டுவிரலால் பேரிங் முழுக்க மெதுவாகத் தடவுவார். மணல் இருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். உடனே மறுபடி கழுவச் சொல்வார். பிஸ்டனைக் கிண்ணத்து எண்ணெயில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி புரட்டி எடுத்து, வளையங்களைத் தகரத்தால் சுற்றி இறுக்கிப் பிடித்து, துளைக்குள் இறக்குவார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறபோது இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். முகத்தில் அப்படி ஒரு பயம், அப்புறம் அப்படி ஒரு சிரிப்பு. அப்பா வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்தக் கொட்டகையில்தான் பார்த்திருக்கிறேன்.

எண்ணெயை மேலே தள்ளுகிற பம்பு வறண்டிருந்தால் முதல் தடவை உறிஞ்சாது என்று, அதற்குள் வாசலினை அடைத்தார்கள். அம்மா பனிக்காலத்துக்கு வாங்கி வைத்திருந்த வாசலின் டப்பா முழுக்கக் காலி.

"எங்க ஒதடு வெடிச்சா வெடிக்கட்டும், ஒங்க எஞ்சினு நல்லா இருக்கட்டும்" என்றாள் அம்மா. திட்டுகிற குரல்தான், ஆனால் அவ்வளவு சந்தோஷமாகத் திட்டியவர்களை நான் கண்டதில்லை.

எஞ்சினைக் கோத்து, காரில் ஏற்றி, கடைசித் திருகையும் முறுக்கியபோது மார்கழி பிறந்துவிட்டது. அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் பூசைக்குக் காரில் போய் இறங்க வேண்டும் என்று ஆசை. மாமா தலையைச் சொறிந்தார். "மார்கழியில எங்க பக்கம் புதுசா எதுவும் தொடங்க மாட்டோம் மாமா. அதான், அப்பாரு வேற ஏதாச்சும் சொல்லிட்டாருன்னா…"

"அதுக்கென்னா மச்சான், தையில எடுக்கலாம்" என்றார் அப்பா. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் நடந்துதான் போனோம்.

தை பிறந்தது. மாமாவுக்கு அறுவடை. ஊரில் ஆள் கிடைக்காமல் ஞாயிற்றுக்கிழமைகூட வர முடியவில்லை. அவர் இல்லாமல் வண்டியைக் கிளப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. "அவன் கை பட்ட எஞ்சினு, அவன் இல்லாம எப்படி?" என்றார். மாமா அறுவடையை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது விபூதிப் புதன் தாண்டிவிட்டது. தவக்காலம். இப்போது தலையைச் சொறிவது அப்பாவின் முறை.

"வாணாம் மாமா, ஒங்க நோன்பு முடியட்டும். பாஸ்காவுக்கே எடுத்துக்கலாம்" என்று மாமாவே முந்திக்கொண்டு சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது நினைத்தால் எனக்குக் கோபமாக வருகிறது. ஒருவர் நம்பிக்கைக்கு இன்னொருவர் அவ்வளவு மரியாதை கொடுத்தார்கள். அம்மாவைப் பார்த்து, உனக்கு எப்போது போக வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியிலிருந்து அவள் எடுத்து வைத்த பட்டுப்புடவை மார்கழியில் உள்ளே போனது, தையில் வெளியே வந்தது, மாசியில் மறுபடி உள்ளே போனது.

ஒரே ஒரு நாள் அப்பாவிடம் கேட்டாள். "என்னாங்க, இத்தினி நாளு சும்மா நிக்கிதே. போட்ட எண்ணெயெல்லாம் வடிஞ்சி காஞ்சிடாதா? எங்க ஊட்டுல மாட்டு வண்டி சும்மா நின்னாகூட அச்சுக்கு வெளக்கெண்ண போட்டுட்டுத்தான் நிறுத்துவாங்க."

"மாட்டு வண்டியும் இதுவும் ஒண்ணா?" என்று சிரித்துவிட்டுப் போனார் அப்பா. மாமாவும், முன்னால் ஹேண்டிலைச் செருகி எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கலாமா என்று கேட்டார். தவக்காலம் முடிகிற வரைக்கும் கைவைக்க வேண்டாம் என்றுவிட்டார் அப்பா.

அந்தத் தவக்காலத்தில் எனக்கு ஒரு பெரிய புதுமை நடந்தது. விளக்கெண்ணெய் ஞாயிறு வந்தும் அம்மா என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் அலமாரியைப் பார்த்தேன். புட்டி காலி. கேட்டதற்கு, "தீந்துபோச்சி, போய் வெளையாடு" என்றாள். மாதாவுக்கு மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

பாஸ்காவும் வந்தது. பங்குச் சாமியார் வந்து காரின்மேல் தீர்த்தம் தெளித்தார். அவர் நகர்ந்ததும் மாமா நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். அப்பா ஓட்டும் இடத்தில், பக்கத்தில் மாமா, பின்னால் அம்மாவும் நானும். அம்மா பட்டுப்புடவை கட்டி, தன் அப்பாவுக்கு வாங்கிய கரைவேட்டியை மடியில் வைத்திருந்தாள். மாமா முன்னால் இறங்கி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். எஞ்சின் இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. தெருவே கை தட்டியது.

அப்புறம் வெள்ளை வெளேரென்று புகை வந்தது. அதோடு அந்த வாசனை. எங்கள் தெருவில் அதை அறியாத மூக்கு ஏது? "என்னாப்பா, காருக்கும் பேதிக்குக் குடுத்துட்டீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மூக்கை உறிஞ்சினார். மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். நாங்கள் பயந்துவிட்டோமா என்றுதான் பார்க்கிறார் என்று நான் அப்போது நினைத்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. காதுமடல் சிவக்க வண்டியை எடுத்தார்.

ஊர் தாண்டியதும் புகை குறைந்தது. அம்மா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆலப்பாக்கம், பெரியபட்டு என்று சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னப் பெண்ணின் குரலாக மாறிக்கொண்டே போனது. அந்தக் குரலைக் கேட்க இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. புதுச்சத்திரம் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் கார் இரண்டு முறை திணறி நின்றுவிட்டது.

மாமா ஹேண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். அப்பா ஓடிப்போய் அதைப் பிடுங்கினார்.

"தொடாத. தொட்டதெல்லாம் போதும். எஞ்சினுக்குள்ள வெளக்கெண்ண ஊத்துனியா, இல்லியா?"

மாமா வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்திருந்தாள்.

"ஆமாம் மாமா. நான்தான் ஊத்துனேன். காஞ்சிடுமேன்னு…"

"மாட்டு வண்டிக்கு ஊத்துறத எஞ்சினுக்கு ஊத்துற புத்தி எங்கேந்து வரும்? பொறந்த எடத்துலேந்துதான் வரும்!"

நடுரோட்டில், அம்மா கேட்க, நான் கேட்க, அப்பா அதைச் சொன்னார். அத்தனை மாதம் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய மரியாதை எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயிற்று. மாமா பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து மட்கார்டின்மேல் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிதம்பரம் பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அப்பா கூப்பிடவில்லை. நான் "மாமா, மாமா" என்று கத்தினேன். அவர் திரும்பாமல் கையை மட்டும் தூக்கி ஆட்டினார்.

ஒரு லாரிக்காரர் காரைக் கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டார். வழியில் எண்ணெய்க் குப்பி எங்கோ விழுந்துவிட்டது. எஞ்சின் உள்ளே இறுகிவிட்டது, இனி அது பழைய இரும்புதான் என்று அப்பா முடிவு கட்டிக் கொட்டகையைப் பூட்டினார். அதைத் திறந்து பார்க்க அவருக்கு மனமில்லை. மாமாவின் கை பட்ட இடமெல்லாம் உள்ளே இருந்ததே.

அதற்கப்புறமும் ரொம்ப நாள் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஆளுக்கு அதிகமாகவே சோறு வடித்தாள். பாசஞ்சர் வருகிற சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலை நின்றுவிடும். மாமா வரவில்லை. அம்மாவின் அப்பா இறந்த செய்தி, மார்க்கெட்டில் யாரோ சொல்லி, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது. அப்பா ஒரு தடவை மாமாவைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறினாராம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாராம். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு என்னிடம் சொன்னார். "டீ ஆறிப்போச்சி, வந்துட்டேன்" என்றார். அப்பா போன சில வருடங்களில் மாமாவும் போய்விட்டார். அதுவும் காரியம் முடிந்த பிறகுதான் காதுக்கு வந்தது.

ஒரு புயலில் கொட்டகை ஓடு பறந்த பிறகு கார்மேல் தார்ப்பாய்தான் கிடந்தது. போன வருடம் என் மகன், தாத்தா வண்டியை ஓட வைக்கிறேன் என்று கிளம்பினான். பழைய கார்களை எடுத்துப் புதுப்பிக்கிற பட்டறை ஒன்று செம்மண்டலம் பக்கம் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்த அன்று நானும் போயிருந்தேன். பழைய கதையை மகன் அங்கே முன்பே சொல்லியிருந்தான்.

"உள்ள எண்ணெ பிசினா எறுகிக் கெடந்துது ஆன்ட்டி. கழுவிப் பாத்தா ஒரு கீறல் இல்ல" என்றான் மெக்கானிக் பையன். "வண்டி நின்னதுக்குக் காரணம் இதான்." கையில் ஒரு சின்னக் குழாய். அதற்குள் துரு கட்டியாக அடைத்திருந்தது. பெட்ரோல் டேங்கின் துரு. எஞ்சினைப் பிள்ளை மாதிரி கழுவியவர்கள் டேங்கைக் கழுவ மறந்திருக்கிறார்கள்.

"அப்ப விளக்கெண்ணெயால ஒண்ணும் ஆகலியா?"

"அதால நல்லது ஆச்சான்னு என்னால சொல்ல முடியாது. கெட்டது ஆவல. அன்னிக்கி ஹேண்டிலப் போட்டு ஒரு சுத்து சுத்திப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும், எஞ்சினு நல்லா இருக்குதுன்னு."

நான் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பையன் டியூபிலிருந்து சிவப்பாக ஏதோ பசையைப் பிதுக்கிப் பேரிங்கில் விரலால் தடவ ஆரம்பித்தான். இப்போது இதற்கென்றே தனியாக விற்கிறார்களாம். கையுறை போட்ட விரல். ஆனாலும் விரல்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எண்பத்தைந்துக்கு மேல் ஆகிறது, காது மட்டும் கூர்மை. "மாமா ஊத்துன எண்ணெயால எஞ்சினுக்கு ஒண்ணுமே ஆகலியாம்மா" என்றேன். கேட்டுக்கொண்டாள். அன்று இரவு சாப்பிடவில்லை. வண்டி தயாரானதும், "என்ன சிதம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மகன் ஓட்டினான். அம்மாவும் நானும் அதே பின்சீட்டில். வழியில் அவள் ஊர்ப் பேர் எதையும் சொல்லவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் "நிறுத்து" என்றாள். சாலையை அகலப்படுத்தியதில் புளியமரம் இல்லை. எப்படிக் கண்டுபிடித்தாளோ. மகன் சாவியில் கை வைத்தான்.

"எஞ்சின அணைக்காதடா" என்று பதறினாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

சாலையைப் பார்த்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"அன்னிக்கு ஊத்துனது அவன் இல்ல. நான்."

அலமாரியில் இருந்த காலிப் புட்டி என் கண்முன் வந்து நின்றது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"வாசன வந்ததும் தெரிஞ்சிடுச்சி அவனுக்கு. என்ன ஒரு பார்வ பாத்தான். நான் குனிஞ்சிக்கிட்டேன்."

"ஏம்மா அப்பவே சொல்லல?"

அம்மா மடியில் எதையோ இறுக்கிப் பிடிப்பதுபோல வெறும் கைகளை மூடிக்கொண்டாள்.

"ஒங்க அப்பா இருந்த கோவத்துல என்னான்னு சொல்ல? அடுத்த ஞாயித்துக்கெழம வருவான்ல, அப்ப ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சி சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனது. மகன் கண்ணாடியில் எங்களைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"ஆயா, வீட்டுக்கே திரும்பிடலாமா? அங்கதான் இப்ப யாரும் இல்லியே."

மாமா நடந்துபோன பக்கமாக அம்மா கையை நீட்டிக் காட்டினாள்.